அறைக்குள் ஒரு தாமரைக்குளம்: சித்தன்னவாசல் விதானமும் சில சிற்றிறால்களும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் சாலையில் ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் தொலைவில், வெயிலில் காய்ந்து கிடக்கும் சமவெளியின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு படுத்திருக்கிறது சித்தன்னவாசல் குன்று. அதன் மேற்குச் சரிவில் அமைந்த அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்கு இதற்கு முன் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை கல்வெட்டுக்காக, இரண்டாம் முறை சிற்பங்களுக்காக, மூன்றாம் முறை தூண்களில் உள்ள ஆடற்பெண்களின் ஓவியங்களுக்காக. நான்காம் முறை சென்றதற்கான காரணத்தைச் சொன்னால் வாசகர்களுக்குச் சற்று விந்தையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றிறால்கள் ஒரே இரவில் இறந்துபோயிருந்தன. அந்தத் துயரத்திலிருந்து மகளை மீட்க எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவளுக்குப் பிடித்தது குளம். எனக்குப் பிடித்தது குடைவரை. இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்றுதான்.

அர்த்தமண்டபத்தில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம். தாமரைகள், மீன்கள், எருமைகள், யானைகள், பறவைகள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, இந்தக் குளத்துல இறால் இல்லையா?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சி.

குன்றும் குடைவரையும்

குளத்துக்குள் இறங்குமுன் குன்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உச்சியை ஒட்டிக் கிழக்குப் பார்த்த இயற்கைக் குகைத்தளம் ஒன்று உள்ளது. பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளில் கால் வைத்து ஏறவேண்டியிருந்ததால் அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். உள்ளே வழவழப்பாகச் செதுக்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள். அவற்றுள் பெரியதன் அருகே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு பொதுவாகக் கி.மு. 2-1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. எருமிநாட்டில் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் ஊரைச் சேர்ந்த இளையர் என்பார் அமைத்துக் கொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். மற்ற படுக்கைகளுக்கு அருகில் பல நூற்றாண்டுகள் பிந்திய எழுத்துகளில் வேறு துறவிகளின் பெயர்கள் உள்ளன. ஒரே குகையில் தலைமுறை தலைமுறையாகத் துறவியர் வந்து தங்கி நோன்பிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அறிவர் கோயில் இக்குகைக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. சதுரமான சிறு கருவறை. அதன் முன் சற்றே அகன்ற அர்த்தமண்டபம். கருவறைப் பின்சுவரில் மூன்று திருவுருவங்கள். அர்த்தமண்டபத்தின் தென்பகுதிக் கோட்டத்தில் அரவுக்குடை கவித்த பார்சுவநாதர். வடபகுதிக் கோட்டத்தில் ஆசிரியர் ஒருவர். கருவறைக்குள் நின்று மெல்ல முனகினால் அறை முழுதும் அதிர்ந்து எதிரொலிக்கும். அங்கு சென்று வந்தவர்கள் யாரும் அந்த ரீங்காரத்தை மறப்பதில்லை.

இக்குடைவரையின் காலம் பற்றிய விவாதம் சுவையானது. 1920 வாக்கில் து.அ. கோபிநாதராவும் ழுவோ துப்ரேயலும் இவ்வோவியங்களை அறிஞர் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தபோது, இவை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே கருதப்பட்டன. மகேந்திரவர்மன் தொடக்கத்தில் சமணனாக இருந்தவன் என்ற மரபும், சித்திரகாரப்புலி என்ற அவனது விருதுப்பெயரும் அக்கருத்துக்கு வலுவூட்டின. ஆனால் குடைவரை முகப்பின் தென்புறப் பாறையில் உள்ள பாடல் வடிவக் கல்வெட்டு வேறு கதை சொல்லியது. அவனிபசேகரன் என்ற சிறப்புப்பெயர் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் (கி.பி. 815-862) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முகமண்டபம் ஒன்றையும் எழுப்பினார் என்பது அதன் செய்தி. இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி இந்த 9ஆம் நூற்றாண்டுப் பணியைச் சார்ந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் முடிவு. பின்னர் கே.ஆர். சீனிவாசன் சில இடங்களில் மேற்பூச்சுக்கு அடியில் அதற்கும் முந்திய ஓவியப் படலம் இருப்பதைக் கண்டறிந்தார்.

இளங்கௌதமன் கோயிலைக் குடைவித்தவர் அல்லர், பழுதுபார்த்தவர் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நம்மிடம் பெயரோடு எஞ்சியிருப்பவர் பராமரித்தவரே. முதலில் குடைந்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

தலைக்கு மேல் நீர்

இனி குளம். அர்த்தமண்டப விதானம் முழுவதையும் ஒரே தாமரைப் பொய்கை நிறைத்திருக்கிறது. மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் மலர்ந்தது எனத் தாமரையின் எல்லாப் பருவங்களும் உள்ளன. இலைகள் சில விரிந்தும் சில ஓரம் சுருண்டும் கிடக்கின்றன. அவற்றின் இடையே மீன்கள், மகரம், அன்னம் முதலிய நீர்ப்பறவைகள், நீரில் திளைக்கும் யானைகள், எருமைகள். மலர் கொய்யும் ஆடவர் மூவர். அவர்களில் ஒருவர் இடக்கையில் பூக்கூடையை மாட்டிக்கொண்டு வலக்கையால் மலர் பறிக்கிறார். முகங்களில் அவசரம் இல்லை. இடுப்பளவு நீரில் நிற்பவனுக்கு இயல்பாக வரும் ஒரு நிதானம் அவர்கள் நிற்கும் நிலையில் தெரிகிறது.

சமணக் கலை ஆய்வாளர்கள் இக்காட்சியைச் சமவசரணத்தோடு பொருத்துகின்றனர். கேவல ஞானம் எய்திய தீர்த்தங்கரர் அறமுரைக்கும் பொருட்டுத் தேவர்கள் அமைக்கும் பேரவையே சமவசரணம். அவ்வவையை அடையப் பல நிலப்பகுதிகளைக் கடக்கவேண்டும். இரண்டாவதான காதிகா பூமி ஒரு நீர்நிலை. முக்திக்குத் தகுதியுடைய பவ்வியர்கள் அதில் இறங்கி மலர் கொய்து மகிழ்வர். உடன் யானைகளும் மீன்களும் பறவைகளும் மகிழும். அவ்வாறாயின் இது அழகுக்காக வரைந்த இயற்கைக் காட்சி அன்று. அறம் கேட்கச் செல்லும் வழியில் உள்ள குளம். எருமையும் மீனும் அந்த வழியில் மனிதனுக்குத் துணை வருகின்றன.

இதில் ஓவியனின் சாமர்த்தியம் ஒன்று உண்டு. குளத்தைச் சுவரில் வரைந்திருந்தால் நாம் கரையில் நிற்போம். அவன் விதானத்தில் வரைந்தான். அண்ணாந்து பார்க்கும் நாம் குளத்தின் அடித்தரையில் நிற்கிறோம். தாமரைகள் நமக்கு மேலே மிதக்கின்றன. மீன்கள் கண்ணுக்கு நேராக நீந்துகின்றன. அறைக்குள் ஒரு நீர்நிலையைக் கொண்டுவந்து, அதை அடியிலிருந்தும் உள்ளிருந்தும் பார்க்கச் செய்வது கண்ணாடித் தொட்டி வரும்வரை வேறெந்த வழியிலும் இயலாத காரியம்.

சரி, இறால்? விதானம் முழுவதையும் நானும் மகளும் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பூச்சு உதிர்ந்து வெறும் பாறை தெரியும் இடங்களில் என்ன இருந்தது என்று யாரால் சொல்லமுடியும்?

நண்டின் உறவினன்

தமிழனுக்கு இறால் புதிதன்று. இறவு, இறா என்னும் சொற்கள் சங்கப்பாடல்களின் நெய்தல் நிலத்தில் தாராளமாகப் புழங்குகின்றன. உலர்ந்த சென்னாக்கூனியை அறியாத சமையற்கட்டு கடற்கரை ஊர்களில் இல்லை. ஆனால் அவையெல்லாம் உண்பதற்கான இறால்கள். ஏரி, கண்மாய், ஓடைகளில் ஒரு விரற்கடையைத் தாண்டாத, கண்ணாடிபோல் உடல் ஊடுருவித் தெரியும் நன்னீர்ச் சிற்றிறால்களும் உண்டு. காரிடினா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவற்றின் பல வகைகள் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கின்றன. இவை வேட்டையாடுவதில்லை. முன்கால்களின் நுனியில் உள்ள மெல்லிய மயிர்த்தூரிகைகளால் பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் ஓயாமல் துடைத்து வாயில் இட்டுக்கொண்டேயிருக்கும்.

நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களின் வரிசையில் வைக்கிறது தொல்காப்பிய மரபியல். இறால் நண்டின் நெருங்கிய உறவினன். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கும் இப்பார்வை சமணத்துக்கும் அடிப்படையானது. ஓரறிவு உயிரையும் வருத்தலாகாது என்பதால்தான் சமணர்கள் நீரைத் துணியால் வடிகட்டி அருந்தினர். அதில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வடிகட்டியதோடு கடமை முடிந்துவிடாது. துணியில் தங்கிய சிற்றுயிர்களை அந்நீர் எடுத்த அதே கிணற்றிலோ குளத்திலோ மெல்லத் திரும்ப விடவேண்டும். வேறு நீரில் விட்டால் அவை பிழைக்காமல் போகலாம் என்பதே காரணம். ஒரு நீரில் வாழும் உயிர் மற்றொரு நீரில் வாழாது என்பது இன்று தொட்டியில் இறால் வளர்ப்போர் கற்கும் முதல் பாடம். புதிய இறால்களைக் கொண்டுவந்தால், பழைய நீரோடு புதிய நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணிநேரம் கலந்து பழக்கிய பின்னரே தொட்டிக்குள் விடவேண்டும்.

ஏழடிப்பட்டத்துத் துறவியரும் இக்குன்றின் சுனைநீரைத் துணியால் வடித்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். இது என் ஊகமே. ஆனால் சுனை இன்றும் உள்ளது. நாவற்சுனை என்று அதற்குப் பெயர். அதன் நீருக்கடியில் பாறையில் குடைந்த சிறு சிவன் கோயில் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. நீரை இறைத்தால் மட்டுமே அதைக் காணமுடியும். ஒரே குன்றில், குடைவரைக்குள் ஒரு குளமும் குளத்துக்குள் ஒரு குடைவரையும்!

குளம் வீட்டுக்குள் வந்த வரலாறு

மழையை நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமையில் குளம் என்பது அலங்காரம் அன்று, உயிர்நாடி. குளத்து மீனும் பாசியும் ஊரின் பொதுச்சொத்து. சோழர் காலக் கல்வெட்டுகள் பேசும் வரிகளுள் பாசிப்பாட்டம் என்பது ஒன்று. குளத்தில் மீன்பிடிக்கும் உரிமைக்கான இறை அது. அந்த உரிமையின் பெயரில் மீனை விடுத்துப் பாசியை நிறுத்தியது நம் முன்னோரின் கூர்மை. பாசி இல்லாத நீரில் மீன் இல்லை.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதும், மரு உதிர வெல்லம் கரைப்பதும் நம் வழக்கம். மீன் இருக்கும் இடத்துக்கு நாம் சென்றோமேயன்றி, மீனை நம் இடத்துக்கு அழைத்து வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் மீன்வகைகளையும் அவற்றுக்கு இடும் இரைகளையும் விரிவாகப் பேசுகிறது. ஆனால் அது தூண்டில் விளையாட்டுக்காக. வளர்ப்புக் கலையில் முந்தியவர்கள் சீனர்கள். சொங் அரசர் காலத்தில் தோட்டக் குளங்களில் வளர்ந்த பொன்மீன்கள் மிங் அரசர் காலத்தில் பீங்கான் தொட்டிகளில் ஏறி வீட்டுக்குள் வந்தன.

பீங்கான் தொட்டியில் மீனை மேலிருந்துதான் பார்க்கமுடியும். நீரையும் அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றாமலே நீரைத் தூய்மையாக வைத்திருக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1850இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்கள், வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரம். தாவரம் விடும் பிராணவாயுவை மீன் பயன்படுத்தும். மீன் விடும் கரியமில வாயுவைத் தாவரம் பயன்படுத்தும். கணக்குச் சரியாக இருந்தும் சில நாட்களில் இலைகள் அழுகின, நீர் கலங்கியது, பாசி படர்ந்தது. வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகியதையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது.

இரண்டு பேரால் நிற்காத உலகம் மூன்றாமவனால் நின்றது. அந்த மூன்றாமவன் கழிவைத் தின்பவன், மெதுவாக நகர்பவன், யாரும் கவனிக்காதவன். 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய அக்வேரியம் என்ற நூல் அச்சொல்லையே உலகச் சொல்லாக்கியது.

தமிழகத்துக்கு அது வர அரை நூற்றாண்டு ஆயிற்று. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான மெரினா கடற்கரை மீன் காட்சியகம் 1909 அக்டோபரில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகையது அதுவே முதல். 1919இல் அது மீன்வளத்துறையின் பொறுப்புக்குச் சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் மூடப்பட்டது. தர்ஸ்டனை அடுத்து அருங்காட்சியகப் பொறுப்பேற்ற ஜே.ஆர். ஹெண்டர்சனைத் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், நண்டு, இறால் முதலிய ஓட்டுடலிகளில் வல்லுநர். 1893இல் இந்திய ஓட்டுடலிகள் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. 1910இல் ஜார்ஜ் மத்தாயுடன் இணைந்து தென்னிந்திய நன்னீர் இறால்களைப் பற்றியும் எழுதினார். நாம் சோற்றோடு பிசைந்து உண்டதை ஒருவர் கால்களை எண்ணி, முட்களை அளந்து, பெயரிட்டு வைத்தார்.

இன்றைய சிற்றிறால் மோகம் ஜப்பானில் தொடங்கியது. நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமானோ 1980களின் தொடக்கத்தில் தம் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்தச் சிற்றிறால்களைப் பயன்படுத்தினார். அவ்வகைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. 1990களில் ஹிசாயாசு சுசுகி என்பவர் கறுப்பு வெள்ளைப் பட்டை கொண்ட தேனீ இறால்களிடையே தோன்றிய சிவப்பு நிறத்தைத் தெரிந்தெடுத்துப் பெருக்கிப் படிகச் சிவப்பு இறாலை உருவாக்கினார். செர்ரி இறால் எனப்படும் சிவப்பு வகையோ தைவானும் சீனமும் தாயகமாகக் கொண்ட, இயற்கையில் மங்கிய பழுப்பு நிறமுடைய இனத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தையின் வழியாக இவையெல்லாம் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தவை செர்ரி இறால்கள் பத்து.

மயில்துத்தம்

இறால் வளர்ப்பில் பாதி வேலை இறால் வருவதற்கு முன்பே நடக்கவேண்டும். தொட்டியில் மணலும் நீரும் செடியும் இட்டு நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்கவேண்டும். கழிவிலிருந்து எழும் அம்மோனியா உயிர்க்கொல்லி. அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற அவ்வளவு காலம் ஆகும். நைட்ரேட்டைச் செடி உண்ணும். வடிகட்டி கடற்பஞ்சு வகையாக இருத்தல் நலம். விசை மிகுந்த வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பஞ்சோ நீரை மட்டும் உள்ளே விட்டுக் குஞ்சுகளை வெளியே நிறுத்தும். சமணரின் துணி செய்த வேலையைத்தான் இந்தப் பஞ்சும் செய்கிறது.

காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றை நீரில் போட்டுவைத்தால், அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தை இறால்கள் கூடி மேயும். சில வாரங்களில் நரம்புகள் மட்டும் எஞ்சி இலை வலைபோல் ஆகும். வளர வளர இறால் சட்டை உரிக்கும். உரித்த அன்று உடல் மெத்தென்றிருப்பதால் செடிக்குள் ஒளிந்திருக்கும். மிதக்கும் சட்டையைப் பார்த்து இறந்துவிட்டதென்று முதல் முறை மகள் அழுதாள். அதை எடுத்தெறியக்கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இறால்களே தின்று மீட்டுக்கொள்ளும். பெண் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடிக் கால்களுக்கிடையே சுமந்து, ஓயாமல் விசிறியபடி மூன்று நான்கு வாரம் காக்கும். பிறக்கும் குஞ்சுகள் தாயின் அச்சே. அளவு மட்டும் அரிசி நுனி. பத்து நாற்பதாயிற்று. நம் கோடைதான் பெரும்பகை. நீரின் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டினால் அவை சோர்ந்துவிடும். ஈரத்துணியும் சிறு மின்விசிறியும் கொண்டு ஒரு சித்திரையைக் கடத்தினோம்.

பிறகு பிழை செய்தேன். அதே தொட்டியில் வளர்ந்த சில கப்பி மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டது. கடையொன்றில் மருந்து வாங்கி, அளவு பார்த்துச் சரியாக ஊற்றினேன். மீன்கள் பிழைத்தன. மறுநாள் காலை இறால்கள் எல்லாம் அடித்தரையில் கிடந்தன. உயிரோடு இருக்கும்போது செக்கச்செவேலென்றிருந்தவை வெளிறிய இளஞ்சிவப்பில் கிடந்தன. அதன்பின்தான் குப்பியின் சிறு எழுத்துகளைப் படித்தேன். மருந்தின் உட்பொருள் மயில்துத்தம். அதாவது செம்பின் உப்பு. மீன் தாங்கும் அளவுச் செம்பை இறால் தாங்காது. இறாலின் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்வதும் செம்பு கலந்த பொருளே என்பதைப் படித்தபோது அன்றைய உணவு இறங்கவில்லை. வாழவைக்கும் பொருளே அளவு கடந்தபோது கொன்றிருக்கிறது. குற்றம் கடைக்காரருடையதன்று, படிக்காமல் ஊற்றிய என்னுடையது. நீர் ஒன்றுதானே, உள்ளிருக்கும் உயிர்களும் ஒன்றுதானே என்று எண்ணிவிட்டேன்.

"மீன்தானே அப்பா நோயில இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள் மகள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உதிரும் குளம்

இந்தச் சுமையோடுதான் சித்தன்னவாசல் விதானத்தைப் பார்த்தேன். முந்தைய முறைகளில் எஞ்சியிருக்கும் ஓவியத்தைப் பார்த்தேன். இம்முறை எஞ்சாத இடங்கள் கண்ணில் பட்டன.

இக்குளம் பாறையின்மேல் பூசிய மெல்லிய சுண்ணச்சாந்தில் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்து தூய்மை செய்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் சு. பரமசிவன், இது உலர்ந்த சுண்ணப்பூச்சின்மேல் வரையப்பட்டதென்று கருதினார். வண்ணங்கள் பெரும்பாலும் மண்ணும் கல்லும் கரியும் சுண்ணமும் தந்தவை. அவற்றின் பகைகள் பல: பாறை வழியே கசியும் நீர், வௌவால், புகை, கிறுக்கும் கை. கதவில்லாத குடைவரையாய்ப் பல நூற்றாண்டு திறந்து கிடந்தபோது வந்தவை இவை. நாம் பார்க்கத் தொடங்கிய பின்னர் இன்னொரு பகை சேர்ந்தது: மூச்சு. சிறிய அறையில் பலர் கூடி நின்றால் ஈரமும் வெப்பமும் கரியமில வாயுவும் கூடும். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் பதினேழாயிரம் ஆண்டுகள் போல் இருளில் பத்திரமாக இருந்தன. 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின், பதினைந்தே ஆண்டுகளில் சுவர்களில் பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடவேண்டியதாயிற்று. அன்போடு பார்க்க வந்தவர்களின் மூச்சே அங்கு நஞ்சாயிற்று.

பாசி இல்லாத குளத்தில் உயிர் இல்லை; பாசி வந்தால் வரைந்த குளத்துக்கு உயிர் இல்லை. இரண்டு குளங்களும் எதிரெதிர் விதிகளால் வாழ்கின்றன. ஆயினும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டும் தாமாக நிற்பவை அல்ல. ஊருக்கு வெளியே உள்ள கண்மாய் நாம் மறந்தாலும் மழை வந்தால் நிறையும். அறைக்குள் கொண்டுவந்த குளத்தை மறக்க உரிமையில்லை. கொண்டுவந்தவன் அதன் மழையாகவும் காற்றாகவும் இருந்தாகவேண்டும். அன்பு மட்டும் போதாது. உள்ளே இருப்பது எது, அது எதைத் தாங்கும் என்ற அறிவும் வேண்டும். அறிவர் கோயில் என்னும் பெயருக்கு இப்படியும் ஒரு பொருள் எனக்கு அன்று தோன்றியது.

இளங்கௌதமன் வந்தபோது குடைவரை பழுதுபட்டிருந்தது. புதுப்பித்தார். அவர் எழுப்பிய முகமண்டபமும் பிற்காலத்தில் அழிந்தது. 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானக் காலத்தில் முன்னே தூண்மண்டபம் சேர்க்கப்பட்டது. ஓவியங்கள் தூய்மை செய்யப்பட்டன. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இன்று காவல் பொறுப்பு இந்தியத் தொல்லியல் துறையுடையது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்குளம் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் காத்தது, கொஞ்சம் இழந்தது. வரைந்த கைகளைப் போற்றும் நாம் இந்தக் காத்த கைகளையும் வரலாற்றில் எழுதவேண்டும்.

மகளின் கேள்விக்கு வருவோம். இந்தக் குளத்தில் இறால் இல்லையா? ஓவியத்தில் இல்லை, அல்லது எஞ்சவில்லை. ஆனால் இறால் செய்யும் வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். படிந்ததைத் துடைத்து, அழுகியதை நீக்கி, குளம் தெளிவாக நிற்கச் செய்துவிட்டுத் தாம் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கியவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும் வெளியே பாறையில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டின் முன் மகளை நிறுத்தி இதைச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததென்று தெரியாது.

திரும்பும் வழியில் அவள் கேட்டது இது: "திரும்ப வாங்கினா, மருந்து பாட்டில நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்தணும். சரியாப்பா?"

சரி என்றேன். தொட்டி நீரை முழுதும் மாற்றி, மணலைக் கழுவி, புதிய வாதுமை இலை ஒன்றை இட்டிருக்கிறோம். ஆறு வாரம் ஆகவேண்டும். இப்போதைக்கு அதில் நீரும் செடியும் மட்டுமே இருக்கின்றன. அடிமணலில் நுண்ணுயிர்கள் குடியேறிக்கொண்டிருக்கும், நாங்கள் காத்திருக்கிறோம்.

சித்தன்னவாசல் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதானத்தை அண்ணாந்து பாருங்கள், நெடுநேரம் நிற்காதீர்கள். கூட்டமாக நிற்கவே வேண்டாம். சுவரையும் தூணையும் தொடாதீர்கள். வெளியே வந்து இளங்கௌதமனின் கல்வெட்டின் முன் வேண்டுமளவு நில்லுங்கள். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.